வன்னியில் புதிய ஆங்கில ஆசிரியருக்கு ஓய்வுபெற்ற ஆசிரியரைத் துணை சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் உட்புறப் பாடசாலை ஒன்றுக்கு முதல் நியமனத்தில் ஓர் ஆங்கில ஆசிரியர் வருகிறார். அந்தப் பக்கத்திலேயே முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒருவரை அவருக்குத் துணையாக எப்படிச் சேர்ப்பது என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நானும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்தான். சில வருடங்களாக இப்படிச் சோடிகளைச் சேர்த்து, அவர்களோடு கூடப் போய் வருகிறேன். குழம்பிப்போன சோடிகளில் அநேகமானவை குழம்பியது ஒரே காரணத்தால்தான். மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை முதலாவதாகச் செய்துவிட்டார்கள். ஆகவே இதில் சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு முழுப் பாடசாலைத் தவணைக்கான காலம் வேண்டும். இரண்டு வாரத்தில் எதுவும் ஆகாது. ஒரு வருடம் என்று சொன்னால் இரண்டு பக்கமும் களைத்துப்போவார்கள். சோடிகளை இணைத்துவிட்டு இடையிடையே தொலைபேசியில் விசாரிக்க ஒருவர் இருக்க வேண்டும். அவர் வழிகாட்டியாக, அதாவது துணையாகப் போகும் ஓய்வுபெற்ற ஆசிரியராக, இல்லாமல் இருப்பது நல்லது.

போக்குவரத்துக் காசைப் பற்றி முதலிலேயே பேசி முடியுங்கள். ஓய்வூதியத்தில் இருப்பவர் வாரம் ஒருமுறை பஸ்ஸிலும் ஓட்டோவிலும் தன் காசில் போய்வந்தால் இரண்டாம் மாதம் சத்தமில்லாமல் நின்றுவிடுவார். கேட்டால் முழங்கால் நோ என்பார். பழைய மாணவர் சங்கம் கொடுக்கலாம், ஊர்ப் பொது அமைப்பு ஒன்று கொடுக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் கொடுக்கலாம். யார் கொடுத்தாலும் தவணை தொடங்குமுன் கையில் வந்திருக்க வேண்டும்.

1. அனுமதி எடுப்பது

முதலில் வலயக் கல்விப் பணிமனை, பிறகு அதிபர், அதற்குப் பிறகுதான் ஆசிரியர். அதிபரைத் தெரியும் என்று நேரே பாடசாலைக்குப் போகாதீர்கள். வெளியாள் ஒருவர் வாராவாரம் வகுப்பறைக்குள் போய் வருவது பிள்ளைகளின் பாதுகாப்போடு சேர்ந்த விஷயம். எழுத்தில் அனுமதி இல்லாவிட்டால் அதிபர் மாறுகிற அன்றே வேலை நின்றுவிடும்.

வலயத்தின் ஆங்கில ஆசிரிய ஆலோசகரையும் இந்தக் கட்டத்திலேயே சந்தித்துவிடுங்கள். அவருடைய வேலையை நாங்கள் பறிக்க வருவதாக அவர் நினைத்தால் கதவு மூடிவிடும். பல பாடசாலைகளைத் தனி ஒருவராகச் சுற்றுகிறவர் அவர். ஒரே ஆசிரியரோடு வாரம் ஒருமுறை உட்கார அவருக்கு நேரம் கிடைக்காது. நாங்கள் செய்யப்போவது அந்தப் பகுதியைத்தான் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அனுமதிக் கடிதத்தில் இரண்டு வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். வழிகாட்டி அந்த ஆசிரியரைப் பற்றி எவருக்கும் அறிக்கை கொடுக்க மாட்டார் என்பது ஒன்று. வழிகாட்டி பிள்ளைகளோடு தனியாக இருக்க மாட்டார், எந்நேரமும் வகுப்பாசிரியரோ பாட ஆசிரியரோ கூட இருப்பார் என்பது மற்றது. முதல் வரி இல்லாத ஒரு பாடசாலையில், “எங்கட புது மிஸ் எப்படி?” என்று அதிபர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். வழிகாட்டியும் நல்லெண்ணத்தோடு பதில் சொன்னார். அந்தப் பதில் ஆசிரியர் ஓய்வறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அந்த இளம் ஆசிரியை எங்களோடு மனம்விட்டுக் கதைக்கவே இல்லை.

2. வழிகாட்டியைத் தெரிவு செய்வது

பதவியைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். ஓய்வுபெற்ற அதிபரும் கல்விப் பணிப்பாளரும் மரியாதைக்குரியவர்கள்தான். ஆனால் கடைசிப் பத்து வருடம் வகுப்புக்குள் நிற்காதவருக்கு வெண்கட்டி பிடித்த கையின் கஷ்டம் மறந்துபோயிருக்கும். ஓய்வுபெறும் நாள்வரை தரம் 6, 7இல் நின்று படிப்பித்தவர் எங்களுக்கு அதிகம் உதவுவார். சிறிய பாடசாலையில் ஒரே ஆங்கில ஆசிரியராக இருந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். கேட்க ஆளில்லாமல் தனியே முடிவெடுப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

சம்மதம் கேட்கப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். அரை மணித்தியாலம் அவரோடு கதையுங்கள். அந்த அரை மணியில் அவர் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்டார்? ஒன்றுமே கேட்காமல் தன் காலத்தையே சொல்லிக்கொண்டிருந்தால் அவர் நல்ல மனிதராக இருக்கலாம், இந்த வேலைக்குப் பொருந்த மாட்டார்.

3. சோடி சேர்ப்பது

பஸ் பாதையைப் பார்த்துச் சேருங்கள். தகுதியும் குணமும் அடுத்ததுதான். மாங்குளத்தில் இருப்பவருக்கு மல்லாவியோ ஒட்டுசுட்டானோ சரி. பரந்தனில் இருப்பவருக்கு தருமபுரம், விசுவமடுப் பக்கம் சரி. புளியங்குளத்தில் இருந்து நெடுங்கேணிக்குப் போகலாம். ஏ9 வீதியில் பஸ் தாராளமாக ஓடும், கிளை வீதியில் இறங்கினால்தான் தெரியும். காலை ஏழரைக்குப் பாடசாலை தொடங்குகிறது. முதல் பாடவேளைக்குப் போய்ச்சேர முடியாத சோடி அநேகமாக நிலைக்காது.

திங்கட்கிழமையையும் வெள்ளிக்கிழமையையும் தவிருங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து விடுதியில் தங்கும் ஆசிரியர்கள் திங்கள் காலை இரவின் தூக்கத்தைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வருகிறார்கள். வெள்ளி பிற்பகல் பஸ்ஸைப் பிடிக்கும் யோசனையில் இருக்கிறார்கள். செவ்வாய் அல்லது புதன் நல்லது.

ஒரு வழிகாட்டிக்கு இருவருக்கு மேல் கொடுக்க வேண்டாம். சொந்தக்காரரையும், அந்த இளையவருக்கே முன்பு படிப்பித்தவரையும் சேர்க்காதீர்கள். தனக்குப் படிப்பித்த சேருக்கு முன்னால் “எனக்கு இது விளங்கவில்லை” என்று சொல்ல எங்கள் பிள்ளைகளுக்கு வாய் வராது. இளம் ஆசிரியை தனியே விடுதியில் இருப்பவரானால், ஆண் வழிகாட்டி வேண்டுமா பெண் வழிகாட்டி வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.

4. வழிகாட்டிகளுக்கு முன்னாயத்தம்

இரண்டு நாள் போதும். முதல் நாள் முழுக்க இன்றைய மாணவர் பாடநூல்களையும் ஆசிரியர் வழிகாட்டி நூல்களையும் வாசிக்கச் செய்யுங்கள். பாடநூல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. “எங்கட காலத்தில் இந்தப் பாடம் இப்படி இல்லை” என்று வழிகாட்டி வகுப்பில் வைத்துச் சொல்லிவிட்டால் அவர் பேச்சுக்கு அதன்பிறகு பெறுமதி இல்லை. தரம் 1, 2இல் ஆங்கிலம் செயற்பாடுகளோடு வாய்மொழியாக நடக்கிறது, முறையான பாடமாகத் தொடங்குவது தரம் 3இல் என்பதையும் பலர் மறந்திருப்பார்கள். தரம் 6க்கு வரும் பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது இதிலிருந்துதான் தெரியும்.

இரண்டாம் நாள், தெரியாத மொழியில் ஒரு பாடம் படிக்க வையுங்கள். பிரான்சில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, பத்து நிமிடம் பிரெஞ்சில் மட்டும் கதைத்து நிறங்களின் பெயர்களைப் படிப்பிக்கச் சொன்னோம். முப்பது வருட அனுபவம் உள்ள ஐந்து பேர் கொப்பியைக் குனிந்து பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தன் பக்கம் விரல் நீளும்போது ஒருவருக்குக் காது சிவந்தது. முடிந்ததும் அவர் சொன்னார்: “என்னைக் கேட்கப்போறா எண்ட பயத்தில அவ சொன்னது ஒண்டும் காதில விழேல்லை.” அன்று பிற்பகல் முழுவதும் கடைசி வாங்குப் பிள்ளைகளைப் பற்றித்தான் கதைத்தோம். வேறு மொழி கிடைக்காவிட்டால் இதைச் செய்யாமல் விடாதீர்கள். சிங்களம் தெரியாத வழிகாட்டியானால் பாடசாலையின் சிங்கள ஆசிரியரே பத்து நிமிடம் தரலாம்.

5. முதல் சந்திப்பு

இது பாடசாலைக்கு வெளியே நடக்க வேண்டும். பாடசாலைக்குள் நடந்தால் அது மேற்பார்வை ஆகிவிடும். விடுதித் திண்ணை, கோயில் வீதி, யாராவது வீட்டு முற்றம், எதுவும் சரி. பிளேன்ரீ போதும். இளையவர் சமைத்து வைத்துக் காத்திருக்கும் பழக்கம் எங்கள் பக்கம் வரும், அதை அன்றே அன்பாக நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வாரமும் அது ஒரு சுமையாகும்.

வழிகாட்டி மூன்று விஷயம் மட்டும் கேட்கட்டும். எந்த வகுப்புக்குப் போகும்போது மனம் லேசாக இருக்கிறது? எந்த வகுப்புக்குப் போகும்போது வயிற்றைப் பிசைகிறது? இந்தத் தவணை முடியும்போது எந்த ஒன்று மாறியிருந்தால் போதும்? பதிலைக் கேட்டு எழுதிக்கொண்டு எழும்ப வேண்டியதுதான். ஆலோசனை எதுவும் வேண்டாம்.

இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். இளையவர் ஒரு கஷ்டத்தைச் சொன்ன உடனே, இடம்பெயர்ந்த காலத்தில் மரநிழலில் கரும்பலகைகூட இல்லாமல் படிப்பித்த கதை வாய்க்கு வந்துவிடும். அது உண்மையான கதை, பெருமைக்குரிய கதையும்கூட. ஆனால் அதைக் கேட்கும் இளையவர், தன் கஷ்டம் ஒரு கஷ்டமே இல்லை என்று நினைத்து வாயை மூடிவிடுகிறார். அந்தக் கதைக்குத் தவணை முடிவில் இடம் உண்டு.

6. முதலில் வழிகாட்டி படிப்பிக்க, இளையவர் பார்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுங்கள். முதல் இரண்டு வாரமும் வகுப்பின் முன்னால் நிற்பது மூத்தவர். பின் வாங்கில் கொப்பியோடு இருப்பது இளையவர்.

காரணம் எளிது. எங்கள் பாடசாலைகளில் பின்னால் ஒருவர் கொப்பியோடு உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கும் ஆசிரியருக்கும் ஒரே அர்த்தம்தான், மேற்பார்வை. முன்னால் நின்று பிழை விடும் நிலைக்கு மூத்தவர் முதலில் வந்துவிட்டால் அந்த அர்த்தம் கலைந்துவிடும். வயதாகிவிட்டது, தொண்டை முன்புபோல் இல்லை, இன்றைய பிள்ளைகளின் பெயர் தெரியாது. ஏதாவது ஒன்று கட்டாயம் பிசகும். பிசகட்டும். பாடம் முடிந்ததும் “எந்த இடத்தில பிள்ளையளை விட்டிட்டன், மிஸ்?” என்று அவரே கேட்க வேண்டும். இளையவர் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்லுவார். அதை வழிகாட்டி தன் கொப்பியில் எழுத வேண்டும். அடுத்த வாரம் அதைத் திருத்திக் காட்ட வேண்டும்.

சிறந்த பாடம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டு போகாதீர்கள். படம், அட்டை, பாட்டு என்று தூக்கிக்கொண்டு போய் அசத்தினால் “இது என்னால் முடியாது” என்ற எண்ணம்தான் மிஞ்சும். அன்று பாடநூலில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், கரும்பலகை, வெண்கட்டி. அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு முன்னால் அழைக்கும் முறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே “பிள்ளை”, “தங்கச்சி”, “தம்பி” என்று கூப்பிடுவது இயல்பு. வகுப்புக்குள் “மிஸ்”, “சேர்” மட்டும்தான். தன் ஆசிரியையை இன்னொருவர் “பிள்ளை” என்று கூப்பிடுவதை ஒரு தடவை கேட்ட தரம் 9 வகுப்பு அதை மறக்காது.

7. இளையவரின் வகுப்பைப் பார்ப்பது

மூன்றாம் வாரம். எதைப் பார்க்கப்போகிறோம் என்பதை அதற்கு முதல் நாளே இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். அதைத் தெரிவு செய்வது இளையவர். ஒரு பாடவேளை நீண்ட நேரம் இல்லை. அதில் ஒரு விஷயத்தைத்தான் ஒழுங்காகப் பார்க்கலாம்.

கொப்பியில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் நேரத்தோடு ஆசிரியர் செய்தது, வலப்பக்கம் பிள்ளைகள் செய்தது. “நல்லது”, “போதாது”, “கவனம் இல்லை” போன்ற சொற்கள் இரண்டு பக்கமும் வரக் கூடாது. தரம் 6 வகுப்பு ஒன்றில் நான் எழுதியதில் ஒரு துண்டு இது:

9.12 – புத்தகத்தைத் திறக்கச் சொல்கிறார், ஆங்கிலத்தில். / முன்வரிசை திறக்கிறது. பின்வாங்கில் நால்வர் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திறக்கிறார்கள்.
9.15 – கேள்வி கேட்கிறார். ஒரு விநாடியும் ஆகுமுன் பதிலைத் தானே சொல்கிறார். / ஜன்னலோரப் பையன் வாயைத் திறந்து மூடுகிறான்.
9.16 – அடுத்த கேள்வி, அதே மாதிரி. / அதே பையன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆசிரியை கேட்டிருந்தது, “ஏன் என்ர வகுப்பில ஒருத்தரும் பதில் சொல்லினமில்லை எண்டு பாருங்கோ சேர்” என்று. நான் ஒன்றும் விளக்கவில்லை. அந்த மூன்று வரியைக் காட்டினேன். 9.15க்கும் 9.16க்கும் இடையே விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அடுத்த வாரம் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணினார். பின்னால் இருந்த எனக்கே அந்த மௌனம் நீளமாகத் தெரிந்தது. மூன்று கைகள் எழும்பின. ஜன்னலோரப் பையனின் கை அதில் இல்லை, அதற்கு இன்னும் இரண்டு வாரம் எடுத்தது.

வகுப்பு நடக்கும்போது வழிகாட்டி வாய் திறக்கக் கூடாது. கரும்பலகையில் எழுத்துப் பிழை இருந்தாலும் சரி. பிழை பிறகு திருத்தப்படும். பிள்ளைகளுக்கு முன்னால் போன மரியாதையைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.

8. பிறகு கதைப்பது

அன்றே, அந்தப் பாடசாலை வளவிலேயே. இடைவேளையில் வேப்பமரத்தடியில் இருபது நிமிடம் போதும். ஆசிரியர் ஓய்வறை வேண்டாம், அங்கே மற்றவர்களின் காது இருக்கிறது.

முதலில் இளையவர் சொல்ல வேண்டும். பிறகு கொப்பியை இருவரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். கடைசியாகத்தான் வழிகாட்டி. கதை ஏறத்தாழ இப்படிப் போனால் நல்லது:

“எந்த இடத்தில பிள்ளையள் உங்களோட இருந்தவை எண்டு நினைக்கிறீங்கள், மிஸ்?”
“படம் காட்டேக்க, சேர். அதுக்குப் பிறகு இழுபட்டுப் போச்சு.”
“எப்ப இழுபடத் தொடங்கினது?”
“நான் இலக்கணம் விளங்கப்படுத்தேக்க. நான்தான் கதைச்சுக்கொண்டு நிண்டன்.”
“சரி, வாற கிழமை அந்த இடத்தில என்ன செய்து பாப்பம்?”

அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம். ஐந்து குறை கண்ணில் பட்டாலும் ஒன்றுதான். ஐந்தையும் சொன்னால் ஐந்தும் நடக்காது, அதோடு அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

9. ஆங்கிலத்தை எப்படிக் கையாள்வது

புதியவர்களில் பலருக்கு உள்ளுக்குள் இருக்கும் பயம் தங்கள் சொந்த ஆங்கிலத்தைப் பற்றியது. பிள்ளைகளைச் சமாளிப்பதைவிட இதுதான் பெரிது. மூத்தவர் ஒருவர் முன்னால் கதைத்தால் பிழை வெளிவந்துவிடும் என்று நினைத்து முழு வகுப்பையும் தமிழில் நடத்துவார்கள். ஆகவே இந்த வேலை ஆறாம் வாரத்துக்கு முன் தொடங்கக் கூடாது. நம்பிக்கை வந்த பிறகுதான் இது.

வகுப்பில் ஒவ்வொரு நாளும் வரும் இருபது வசனங்களை இருவரும் சேர்ந்து எழுதுங்கள்: எழும்புங்கள், சோடியாகச் செய்யுங்கள், இன்னொரு தடவை சொல்லுங்கள், யாருக்குத் தெரியும், இப்படியானவை. இந்த இருபதும் எப்போதும் ஆங்கிலத்தில் மட்டும், சைகையோடு. மற்றதற்குத் தமிழ் வந்தால் பரவாயில்லை. முழுவதும் ஆங்கிலம் என்று அடம்பிடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. ஒரு புதிய செயற்பாட்டைத் தமிழில் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு மீதி நேரத்தில் பிள்ளைகளை ஆங்கிலம் கதைக்க விடுவது மேல்.

மூத்தவரிடம் இருக்கும் உண்மையான சொத்து, தமிழ்ப் பிள்ளை எந்த இடத்தில் ஏன் தடக்கும் என்ற அறிவு. அதை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். தமிழில் “வருகிறாய்” என்பதோடு “ஆ” சேர்த்தால் கேள்வி வந்துவிடும். ஆங்கிலத்தில் சொற்கள் இடம் மாற வேண்டும். அதனால்தான் பிள்ளை “யூ ஆர் கமிங்?” என்று குரலை மட்டும் உயர்த்துகிறது. “எனக்குத் தெரியும்”, “எனக்குப் பசிக்கிறது” என்று “எனக்கு” போட்டுப் பழகிய பிள்ளைக்கு “ஐ நோ”, “ஐ ஆம் ஹங்ரி” என்பதில் “நான்” வருவது விசித்திரமாக இருக்கும். “மீ” என்று தொடங்கும். இது சோம்பலால் வரும் பிழை இல்லை, தாய்மொழி போட்ட பாதை. இதை விளங்கிக்கொண்ட இளையவர் பிள்ளையை ஏசாமல் பயிற்சி கொடுப்பார்.

உச்சரிப்புக்கு ஒரு காகிதத் துண்டு போதும். உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு “பென்” என்று ஆங்கிலக்காரர் சொல்வதுபோல் காற்றோடு சொன்னால் காகிதம் துள்ளும். “பெட்” என்ற கட்டிலைச் சொன்னால் துள்ளாது. “ஃபைவ்” சொல்ல மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். “வைன்” என்ற கொடிக்கும் அப்படியே. “விண்டோ”வுக்கு உதடு குவிய வேண்டும், பல் படக் கூடாது. பிள்ளைகள் இதை விளையாட்டாகவே செய்வார்கள்.

இளையவரின் சொந்தப் பேச்சுக்கு வட்ஸ்அப் குரல் பதிவு உதவும். இரவில் இரண்டு நிமிடம், நாளைய பாடத்தின் தொடக்கத்தை ஆங்கிலத்தில் பேசி அனுப்பட்டும். வழிகாட்டியும் திருப்பி இரண்டு நிமிடம் பேசி அனுப்ப வேண்டும். பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டாம். தன் பதிலில் அந்த வசனத்தைச் சரியாகச் சொன்னால் போதும். சில இளையவர்களின் ஆங்கிலம் வழிகாட்டியின் ஆங்கிலத்தைவிட நன்றாக இருக்கும். அப்படியானால் அதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

10. இடையில் வரும் தடைகள்

இல்ல விளையாட்டுப் போட்டி வரும் வாரங்களில் பாடவேளைகள் கலைந்துபோகும். ஒக்டோபருக்குப் பிறகு மாரி மழையில் சில வீதிகள் மூடப்படும். காலபோக அறுவடையில் பெரிய பிள்ளைகளின் வரவு குறையும். நேரசூசியைப் போடும்போதே இந்த வாரங்களை வெறுமையாக விடுங்கள். போக முடியாத வாரம் பத்து நிமிடத் தொலைபேசி அழைப்பு போதும், ஆனால் அதே நாள் அதே நேரம் எடுக்க வேண்டும். இரண்டு வாரம் தொடர்பு விட்டுப்போன சோடி தானாகத் திரும்பச் சேர்வது அரிது. ஒருங்கிணைப்பவர் அந்த இடத்தில்தான் தலையிட வேண்டும்.

சோடி பொருந்தவில்லை என்று நான்காம் வாரத்தில் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். பஸ் நேரம் சரிவரவில்லை என்று சொன்னால் போதும், காரணம் தேடி இருவரையும் விசாரிக்க வேண்டாம்.

11. முடிப்பது

கடைசி இரண்டு வாரம் வழிகாட்டி வகுப்புக்குள் போகாமல் இருக்க வேண்டும். அந்த வாரங்களில் இளையவர் தானே கொப்பியில் கோடு போட்டு, பாடம் முடிந்த கையோடு இரண்டு பக்கமும் எழுதுவார். முதல் நாள் வலப்பக்கம் வெறுமையாக இருக்கும், பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பது நினைவில் நிற்காது. மூன்றாம் நாள் ஐந்தாறு வரி வரும்.

கடைசிச் சந்திப்பு முதல் சந்திப்பு நடந்த அதே இடத்தில். அன்று எழுதிய மூன்று பதிலையும் எடுத்து வாசியுங்கள். வயிற்றைப் பிசைந்த வகுப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அடுத்த தவணையில் ஒரு தொலைபேசி அழைப்புக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். அதிபருக்கு நன்றிக் கடிதம் எழுதலாம், அதில் ஆசிரியரைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கக் கூடாது.

அப்புறம் அந்தக் கோடு போட்ட கொப்பி. அதை இளையவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். நகல் எடுக்க வேண்டாம், படமும் பிடிக்க வேண்டாம்.